ஒரே கணினியில் விளையாடிக்கொண்டே நேரலை செய்கிறேன். படமும் உடைகிறது, ஆட்டமும் திக்குகிறது. இரண்டாவது கணினி வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். நேரலைக்கு நீங்கள் பயன்படுத்தும் ஓபிஎஸ் மென்பொருள் உங்கள் கண்முன் காட்டிக்கொண்டிருக்கும் மூன்று எண்களைப் பார்க்கும் வரையாவது அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: ஆறு கோர் பிராசசர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, 16 ஜிபி ரேம். நேரலை இல்லாதபோது ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நேரலையைத் தொடங்கியதும் திக்க ஆரம்பிக்கிறது. பார்ப்பவர்களோ படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்கிறார்கள். பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை) ஏற்றினீர்கள், இறக்கினீர்கள், ஒன்றும் மாறவில்லை. இன்னொரு கணினியும், ஆட்டத்தின் படத்தை அதற்குக் கொண்டுபோகும் கேப்சர் கார்டும் வாங்கினால்தான் தீரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

என்னிடம் இருப்பதும் ஏறத்தாழ இதே கணினிதான்: ரைசன் 5 3600, அதே 1660 சூப்பர். நானும் நான்கு மாதம் இதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாரம் ஒரு வீடியோ பார்ப்பேன், அதில் சொல்லும் அமைப்புகளை அப்படியே எடுத்துப் போடுவேன். ஒருவருக்கு எழுதிய மருந்துச் சீட்டை இன்னொருவர் கடையில் நீட்டுவது போன்ற வேலை அது. நோய் எது என்று தெரியாமல் மருந்து எடுபடாது.

நோயைக் கண்டுபிடிக்கும் இடம் ஓபிஎஸ்ஸிலேயே இருக்கிறது. மேலே உள்ள ‘டாக்ஸ்’ மெனுவில் ‘ஸ்டாட்ஸ்’ என்பதைத் திறந்து ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்புகளில் அது ‘வியூ’ மெனுவில் இருக்கும். அதில் மூன்று வரிகள். ரெண்டரிங் லேக்கால் (படத்தை வரையும் தாமதத்தால்) தவறிய ஃபிரேம்கள், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்கள்; என்கோடிங் லேக்கால் (வீடியோவைச் சுருக்கும் தாமதத்தால்) விடுபட்ட ஃபிரேம்கள், நெட்வொர்க்கில் கைவிடப்பட்ட ஃபிரேம்கள். பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்: படம் திக்குகிறது. ஆனால் முதலாவது கிராபிக்ஸ் கார்டின் குற்றம், இரண்டாவது என்கோடரின் குற்றம், மூன்றாவது இணைய இணைப்பின் குற்றம். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் குணப்படுத்தாது. ரெண்டரிங் லேக் இருக்கும்போது பிட்ரேட்டை எவ்வளவு மாற்றினாலும் அந்த எண் அசையாது. உங்களுக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் என்கோடரை முடித்துவிடலாம், அது எளிது. ஓபிஎஸ்ஸின் அவுட்புட் அமைப்பில் எக்ஸ்264 என்று இருந்தால், வீடியோவைச் சுருக்கும் வேலை முழுவதையும் உங்கள் பிராசசர் செய்கிறது. அதே நேரத்தில் ஆட்டமும் அதே பிராசசரைத்தான் நம்பியிருக்கிறது. நான் தொடக்கத்தில் எக்ஸ்264-ஐ ‘மீடியம்’ என்ற நிலையில் வைத்திருந்தேன், தரம் அதில்தான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு. ஆறு கோர்களும் மூச்சுவாங்கின. என்கோடர் திணறுகிறது என்ற சிவப்பு எச்சரிக்கை கீழே வந்துகொண்டே இருந்தது.

என்விடியா கார்டுகளில் இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. பெயர் என்வென்க். ஆட்டத்தை வரையும் கோர்களிலிருந்து அது வேறானது. 2012 முதலே இருந்தாலும், தொடக்கக் காலத்தில் அதன் படம் எக்ஸ்264-இன் பக்கத்தில் நிற்காது. இரண்டு கணினி வைத்து நேரலை செய்யும் பழக்கம் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். அன்று அது சரியான அறிவுரையாகவும் இருந்தது. 2018-இல் ட்யூரிங் தலைமுறை வந்தபோது நிலைமை மாறியது. நேரலைக்கான பிட்ரேட்டுகளில் அதன் படம் எக்ஸ்264 ‘மீடியம்’ நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. உங்கள் 1660 சூப்பரில் இருப்பது அந்த என்வென்க்தான். (2019-இல் முதலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் மட்டும் பழைய தலைமுறை என்கோடர் இருந்தது, வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்.) ஆகவே அவுட்புட்டில் என்வென்க் எச்.264-ஐ (எச்.264 என்பது வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) தேர்ந்தெடுங்கள், ரேட் கன்ட்ரோல் சிபிஆர், கீஃபிரேம் இடைவெளி 2 நொடி, பிரீசெட் பி5. ‘லுக் அஹெட்’ என்பதை அணைத்துவிடுங்கள். அது ஆட்டம் பயன்படுத்தும் கோர்களிலிருந்தே பங்கு கேட்கும். ‘சைக்கோ விஷுவல் ட்யூனிங்’ என்பதும் அப்படித்தான். கார்டில் சக்தி மிச்சம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அதையும் அணையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் எனக்கு ஆட்டம் திக்கியது. நான் மிகவும் சோர்ந்துபோன கட்டம் அது. அன்றுதான் ஸ்டாட்ஸ் சாளரத்தைத் திறந்து வைத்து ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் விளையாடினேன். நெட்வொர்க் வரி 0. என்கோடிங் வரி 0. ரெண்டரிங் வரி மட்டும் 11 சதவீதம் வரை ஏறியது. பத்து ஃபிரேமில் ஒன்றுக்கு மேல் காணவில்லை. டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டு 98, 99 என்று இருந்தது.

காரணம் இது. ஆட்டத்தின் படம், உங்கள் கேமரா, மேலே ஓடும் எழுத்துகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சட்டகமாகக் கோக்கும் வேலையை ஓபிஎஸ் கிராபிக்ஸ் கார்டில்தான் செய்கிறது. என்வென்க் தனிப் பகுதியாக இருக்கலாம். இந்தக் கோக்கும் வேலை தனிப் பகுதியில் நடப்பதில்லை. 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃபிரேம்) என்றால் அதற்குக் கிடைப்பது ஒவ்வொரு முறையும் 16.6 மில்லிநொடி. ஆட்டம் கார்டு முழுவதையும் வளைத்துப் போட்டிருந்தால், ஓபிஎஸ் வரிசையில் நின்றுகொண்டே இருக்கும். முறை வருவதற்குள் அந்த ஃபிரேமின் நேரம் போய்விடும். என்கோடருக்கு அனுப்புவதற்கே படம் இல்லை என்றால் என்கோடர் எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்?

இதற்குச் சரியான வழி ஆட்டத்துக்குக் கடிவாளம் போடுவது. நான் அந்த ஆட்டத்தை 90 எஃப்பிஎஸ்ஸில் நிறுத்தினேன். அதுவரை 105க்கும் 120க்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தது. நிறுத்தியதும் கார்டின் பயன்பாடு 80களின் தொடக்கத்துக்கு இறங்கியது, ரெண்டரிங் லேக் பூஜ்யத்துக்கு வந்தது. அதைவிட முக்கியமாக, எனக்கே ஆட்டம் முன்பைவிட நன்றாக இருந்தது. அலைபாயும் 120-ஐவிட அசையாத 90 கைக்கு இதமானது. சுடும்போது மவுஸ் இழுப்பதில்லை. பெரும்பாலான ஆட்டங்களில் இந்த வரம்பு அமைப்பிலேயே இருக்கும். இல்லாதவற்றுக்கு என்விடியா கன்ட்ரோல் பேனலிலோ ரிவாட்யூனர் என்ற மென்பொருளிலோ போடலாம். ஆட்டம் நடக்கும் இடம் மட்டுமல்ல, லாபியும் மெனுவும்கூடக் கார்டைப் பிழியும். அங்கேயும் வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். வரம்பு போட்டும் 90 சதவீதத்துக்கு மேல் போனால் நிழல்களையும் ஒளிப் பிரதிபலிப்புகளையும் ஒரு படி இறக்குங்கள். உங்கள் நேரலையைப் பார்ப்பவருக்கு அந்த நிழலின் நுணுக்கம் எப்படியும் போய்ச் சேர்வதில்லை.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய ஒரு சிறிய காரியம், ஓபிஎஸ்ஸை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறப்பது. கிராபிக்ஸ் கார்டில் முன்னுரிமை தரும்படி ஓபிஎஸ் விண்டோஸைக் கேட்கும். அட்மினாகத் திறந்தால்தான் விண்டோஸ் அதைக் கொடுக்கும். ‘ஹெல்ப்’ மெனுவில், ஓபிஎஸ் தன் செயல்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள், சாதாரணமாகத் திறந்த நாளின் லாகில் ஜிபியு முன்னுரிமை கிடைக்கவில்லை, அட்மின் இல்லையா என்று கேட்கும் வரி ஒன்று இருக்கும். நான்கு மாதமும் என் லாகில் அந்த வரி இருந்திருக்கிறது.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அதில் பெரும்பாலும் இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் இருக்கும். ஆட்டம் ஒன்றிலும் ஓபிஎஸ் மற்றொன்றிலும் ஓடினால் கேம் கேப்சர் கறுப்பாக நிற்கும் அல்லது ஆட்டத்தை இழுத்துப் பிடிக்கும். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் இரண்டையும் ஒரே சில்லில் ஓடும்படி வையுங்கள்.

இனிப் படத்தின் தரத்துக்கு வருகிறேன். திக்கல் நின்ற மறுவாரம், என் அக்கா மகன் கைபேசியில் என் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பப்ஜியில் எரங்கல் வரைபடம், கோதுமை வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். “மாமா, நீங்கள் நின்றால் நன்றாக இருக்கிறது. ஓடினால் புல்லெல்லாம் குளத்துப் பாசி மாதிரி ஆகிவிடுகிறது” என்றான். இதைவிடச் சரியாக யாரும் அதைச் சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1080பி60 (1920×1080 அளவில் நொடிக்கு 60 ஃபிரேம்) என்றால் நொடிக்குச் சுமார் 12.4 கோடி பிக்சல்கள். 6000 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு 60 லட்சம் பிட்டுகள். ஒரு பிக்சலுக்குக் கிடைப்பது 0.05 பிட்கூட இல்லை. 900பி60 ஆக்கினால் 0.07. 720பி60 ஆக்கினால் 0.11. வேகமாக ஓடும் ஆட்டங்களுக்கு எச்.264-இல் 0.1 அளவுக்காவது இருந்தால் படம் தாங்கும் என்பது நேரலை செய்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவுகோல். என் கண்ணுக்கும் அது சரியாகவே இருந்திருக்கிறது. அசையாத சுவரை என்கோடர் ஒருமுறை எழுதிவிட்டு, மறுபடியும் அதையே பார்த்துக்கொள் என்று சொல்லிவிடும். ஆயிரம் கதிர்கள் ஆயிரம் திசையில் ஆடும் வயலில் அந்த உபாயம் செல்லாது. ஒவ்வொரு ஃபிரேமையும் புதிதாக எழுத வேண்டும், எழுத மை இல்லை. வேலரண்ட் ஆட்டத்தில் பெரிய வெற்றுச் சுவர்கள் இருப்பதால் அதே 6000-இல் 1080பி60 பரவாயில்லாமல் இருக்கும். ஆட்டத்தைப் பார்த்துத்தான் ரெசல்யூஷனை முடிவு செய்ய வேண்டும்.

ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் வழக்கமான நேரலைக்கு 6000-ஐத்தான் வரம்பாகச் சொல்கிறார்கள். அங்கே புல்வெளி ஆட்டம் என்றால் தயங்காமல் 900பி அல்லது 720பி போடுங்கள். ஓபிஎஸ்ஸில் கேன்வஸ் 1920×1080 ஆகவே இருக்கட்டும், அவுட்புட்டை மட்டும் குறையுங்கள், சுருக்கும் வடிகட்டி லான்சோஸ். பெரிய எண்ணைக் காட்டிவிட்டு உடைந்த படத்தைத் தருவதைவிட, சிறிய படத்தை முழுதாகத் தருவது பார்ப்பவருக்குச் செய்யும் மரியாதை.

யூடியூபில் இடம் அதிகம். 1080பி60க்கு 9000 முதல் 12000 வரை நான் கொடுக்கிறேன். இன்னொரு வழியும் உண்டு. நீங்கள் அனுப்பும் படத்தை யூடியூப் மறுபடியும் சுருக்கித்தான் பார்ப்பவருக்குத் தருகிறது. சிறிய சேனல்களின் 1080பி நேரலைக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் எச்.264. அதே நேரலையை 1440பி ஆக அனுப்பினால் அதைவிட நல்ல சுருக்க முறையான விபி9 கிடைக்கிறது. அதைப் பார்ப்பவர் 1080பி தேர்ந்தெடுத்தாலும் தெளிவு கூடியிருக்கும். ஆட்டம் 1080பி-யிலேயே ஓடட்டும், ஓபிஎஸ் அவுட்புட்டை 2560×1440 ஆக்கி 16000 கொடுத்து ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். அதற்கேற்ற அப்லோடு வேகம் இருந்தால் மட்டும். ஏவி1 என்ற புதிய சுருக்க முறைக்கான என்கோடர் உள்ள ஆர்டிஎக்ஸ் 40 தொடர் கார்டோ இன்டெல் ஆர்க்கோ இருப்பவர்கள், ஓபிஎஸ் 29.1 முதல் யூடியூபுக்கு ஏவி1-ஆகவே அனுப்பலாம்; அதே பிட்ரேட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நல்ல படம் வரும். உங்கள் கார்டில் அது இல்லை, அதற்காக இப்போது கார்டு மாற்றவும் வேண்டாம்.

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. இருட்டு அறையில் வெப்கேம் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளிகளும் என்கோடருக்கு அசைவுதான். வயலுக்குப் போக வேண்டிய பிட்டுகளை அவை தின்றுவிடும். முகத்துக்கு நேராக ஒரு மேசை விளக்கு வைத்தேன், செலவு அவ்வளவுதான், படம் முழுவதும் தெளிந்தது.

நெட்வொர்க் வரியில் எண் ஏறினால் மட்டும் இணைப்பைத் தொடுங்கள். வேகச் சோதனையை மத்தியானம் செய்யாதீர்கள். நீங்கள் நேரலை செய்யும் இரவு ஒன்பது மணிக்குச் செய்யுங்கள். வரும் அப்லோடு வேகத்தில் முக்கால் பங்குக்கு மேல் பிட்ரேட் வைக்க வேண்டாம். வைஃபை வேண்டவே வேண்டாம். ஹாலிலிருந்து என் அறைக்குச் சுவரில் துளை போட்டு 15 மீட்டர் கேபிள் இழுத்த நாளோடு எனக்கு அந்த வரி 0-இல் நின்றுவிட்டது. 6000 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 2.7 ஜிபி போகும் என்பதையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேமையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் தரவு போகும் பாதையின் அகலம் பாதிதான்; ஆட்டமும் ஓபிஎஸ்ஸும் சேரும்போது திக்கல் அங்கிருந்தும் வரும். இரண்டு 8 ஜிபி குச்சிகள் இருக்க வேண்டும், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்பில்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

இன்றிரவு எதையும் மாற்றாமல், ஸ்டாட்ஸ் சாளரத்தைத் திறந்து வைத்து, நீங்கள் வழக்கமாக ஆடும் ஆட்டத்தை இருபது நிமிடம் அன்லிஸ்டட் (இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்) நேரலையாகப் போடுங்கள். முடிந்ததும் அந்த மூன்று எண்களையும், அப்போது கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதத்தில் இருந்தது என்பதையும் இந்தப் பதிலின் கீழே எழுதுங்கள். ஆட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எந்த எண் ஏறியிருக்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம்.