இன்றைய இந்துப் பண்டிகைக் கொண்டாட்டங்களில் உங்களுக்கு மகிழ்ச்சி தருவது எது, சலிப்பூட்டுவது எது?

ஊட்டியில் மளிகைக் கடை வைத்திருப்பவனிடம் இதைக் கேட்டால் பதில் கொஞ்சம் சாய்வாகத்தான் வரும். பண்டிகை என்றால் எனக்கு முதலில் வியாபாரம், பிறகுதான் பக்தி. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்த காலத்தில் தீபாவளிச் சாமான் சீட்டு ஒரு முழ நீளம் இருக்கும். பச்சரிசி, உளுந்து, கடலைப்பருப்பு, டால்டா, பாகு வெல்லம், ஏலக்காய். மாவு மில் வாசலில் பத்து நாட்களுக்கு முன்பே வரிசை நிற்கும். இப்போது முறுக்கு மாவு பாக்கெட், ஜாமூன் மிக்ஸ், மிஞ்சினால் பேக்கரியில் ஒரு கிலோ மிக்சர். கைமணம் போய்விட்டதே என்று என் கடையில் நின்று வருந்துகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். அடுப்படியில் நின்றவர்கள் வருந்தி நான் கேட்டதில்லை. ஐப்பசி மழையில் ஈர விறகை ஊதி ஊதி அதிரசம் சுட்டுவிட்டு, பண்டிகையன்று இடுப்பு வலியோடு படுத்துக்கிடப்பார் என் அம்மா. இப்போது புதுப்புடவை கட்டிக்கொண்டு, டீ தம்ளரோடு வாசலில் நின்று, பேரன் நமத்துப்போன சரவெடியோடு போராடுவதைப் பார்த்துச் சிரிக்கிறார். இதைச் சீரழிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பண்டிகை இங்கே யாருக்கு எவ்வளவு என்பதைத் தேயிலைதான் தீர்மானிக்கிறது. சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். எஸ்டேட் பேச்சுவார்த்தை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கே முடிகிறது என்று பார்த்துத்தான் எத்தனை மூட்டை சர்க்கரை இறக்குவது என்று முடிவு செய்வேன். பச்சைத் தேயிலை விலை சரிந்த வருடம் சிறு விவசாயிகள் பட்டாசைத்தான் முதலில் குறைப்பார்கள். பிள்ளைகளின் துணியைக் கடைசிவரை குறைக்க மாட்டார்கள். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் மலையேறி வருவதும் அப்போதுதான். அதே விடுமுறையில் சமவெளி முழுவதும் இங்கே சுற்றிப் பார்க்க வந்துவிடுகிறது. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. நீலகிரிப் பதிவெண் கொண்ட எங்கள் டி.என். 43 வண்டிகளுக்கு அது வேண்டியதில்லை. ஆனால் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும் பையனுக்கு என்ன சலுகை? பர்லியாறு தாண்டி, கார்களுக்குப் பின்னால், கொண்டை ஊசி வளைவில் நின்றபடியே அவனுக்குப் பாதி தீபாவளி கழிந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது எங்கள் மாரியம்மன் கோவில் திருவிழா. மாரியும் காளியும் ஒரே பீடத்தில் இருக்கும் கோவில். ஒரு மாதத்துக்கு மேல் நடக்கும். படுகர், மலையாளிகள், கன்னடர் என்று நாளுக்கு ஒரு சமூகத்தார் உபயம். ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை பெரிய தேர். தேர் மீது உப்பை வாரி இறைப்பது இங்கே வழக்கம். அன்று கடை வாசலில் கல் உப்புச் சாக்கைத் திறந்து வைத்துவிடுவேன். வெளியூர்க்காரர்கள் தூள் உப்பு பாக்கெட் கேட்பார்கள், கொடுக்க மாட்டேன். தூளை வீசினால் காற்றில் திரும்பி, பின்னால் நிற்பவர் கண்ணில்தான் விழும். கல் உப்பு தேர்மீது சடசடவென்று பட்டுத் தெறிக்கும். கைக்குழந்தையின் உள்ளங்கையில் நாலு கல்லை வைத்து, அதன் மணிக்கட்டைப் பிடித்து வீச வைப்பார்கள். தேர் போனபின் சாலையில் நடந்தால் செருப்படியில் நறநறக்கும். அதைக் கூட்டுகிற நகராட்சித் தொழிலாளிகளுக்கு என்று ஓர் உபய நாள் வைத்தால், முதல் மூட்டை அரிசி என்னுடையது.

சலிப்பூட்டுவதில் முதலிடம் ஒலிபெருக்கிக்கு. இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடாது என்று 2000ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. சமவெளியில் சத்தம் நாலு தெரு தாண்டினால் தேய்ந்துவிடும். இங்கே ஒரு சரிவில் கூம்புக் குழாயைக் கட்டினால் எதிர்ச்சரிவில் பட்டு இரண்டு தடவை கேட்கிறது. எஸ்டேட் கோவில் திருவிழாக்கள் பங்குனி, சித்திரையில். பத்தாம் வகுப்புத் தேர்வும் அந்தச் சமயத்தில்தான். அம்மனுக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

விநாயகர் சதுர்த்தி தனிக் கதை. 1893இல் திலகர் புனேயில் வீட்டுப் பிள்ளையாரைத் தெருவுக்குக் கொண்டுவந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஆங்கிலேய ஆட்சியில் ஜனங்கள் கூட ஒரு சாக்கு வேண்டியிருந்தது. இப்போது தெருவுக்கு ஒரு சிலை லாரியில் மலையேறுகிறது. ஊட்டிச் சிலைகள் காமராஜ் சாகர் அணைக்கும், குன்னூர்ச் சிலைகள் லாஸ் நீர்வீழ்ச்சிக்கும், கோத்தகிரிச் சிலைகள் உயிலட்டி நீர்வீழ்ச்சிக்கும் போகின்றன. களிமண் கரைந்துவிடும், சரி. உள்ளே இருக்கும் மரச்சட்டமும் மேலே ஒட்டிய ஜிகினாவும் எப்படிக் கரையும்? பிளாஸ்டிக் பைக்கு நாட்டிலேயே முந்திக்கொண்டு தடை போட்ட மாவட்டங்களில் ஒன்று இது.

ஆனால் என்னை உண்மையில் எரிச்சலூட்டுவது ரசீதுப் புத்தகம். உபயம் எடுக்கிற சமூகத்தார் பணம் போடுவதோடு நிற்பதில்லை. பூக் கட்டுவார்கள், பந்தியில் பரிமாறுவார்கள், தேருக்கு முன்னால் ஆடுவார்கள். புதிதாக முளைக்கும் குழுக்களில் எனக்குள்ள வேலை ஐந்நூறு ரூபாய் கொடுப்பதும், ஃபிளெக்ஸில் என் பெயரைத் தேடிப் பார்ப்பதும்தான். மற்றதெல்லாம் வாடகைக்கு வருகிறது: மேளம், விளக்கு, கலை நிகழ்ச்சி. ஊர்க்காரர்கள் ஓரமாக நின்று கைப்பேசியில் படம் எடுக்கிறோம்.

அதனால் ரொக்கம் தருவதை நிறுத்திவிட்டேன். அரிசியும் பருப்பும் எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். சமைத்துப் போடுகிறவர்கள் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், மறுநாள் பாத்திரத்தில் சாம்பார் சாதமும் வருகிறது. மேடை போடுகிறவர்கள் முகத்தைச் சுளித்தபடி அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.