லேட் ஆகறதும் மெதுவா படிக்கறதும்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு, எலக்ட்ரானிக் சிட்டில வேலை. ஸ்கூல்லேர்ந்தே படிக்கறது ஸ்லோ, போன வருஷம்தான் டிஸ்லெக்சியானு, அதாவது எழுத்த படிக்கறதுல வர்ற கற்றல் குறைபாடுனு சொன்னாங்க. வீட்ல தினம் சண்டை எதுக்குன்னா டைமுக்குதான். பத்து நிமிஷம்னு நெனச்சு லேப்டாப்ல உட்காருவேன், முக்கா மணி நேரம் ஓடிருக்கும். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா, இல்ல நான் சாக்கு சொல்றேனா?
(வாசகர், அல்சூர், பெங்களூரு)

பதில்: தம்பி, சாக்கு இல்ல. இத முதல்ல வீட்ல படிச்சுக் காட்டுங்க.

சம்பந்தம் இருக்கு, ஆனா நீங்க நெனக்கற மாதிரி ஒரே நூல்ல கோத்தது இல்ல. 1995லயே நிக்கல்சன், ஃபாசெட்னு ரெண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் தங்க டீமோட சேர்ந்து ஒரு டெஸ்ட் வெச்சாங்க, ரெண்டு சத்தம் கேட்க வெச்சு எது ரொம்ப நேரம் ஒலிச்சதுனு டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைங்க கிட்ட கேட்டா தடுமாறினாங்க, ஆனா எது சத்தமா இருந்ததுனு கேட்டா மத்த பிள்ளைங்க மாதிரியே சரியா சொன்னாங்க. அதாவது காதுல கோளாறு இல்ல, நேரத்த அளக்கறதுல மட்டும் இடறுது. இதுக்கு சிறுமூளைதான் காரணம்னு அவங்க சொன்னத எல்லாரும் ஏத்துக்கல, அந்த வாதம் இன்னும் ஓயல.

படிக்கறதுக்கு ஏன் நேரம் தேவைனு கேப்பீங்க. நம்ம தமிழையே பாருங்க, கல்லுக்கும் காலுக்கும், படத்துக்கும் பாடத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அந்த உயிர் எவ்வளவு நேரம் ஒலிக்குதுங்கறதுதான், குறிலுக்கு ஒரு மாத்திரை நெடிலுக்கு ரெண்டுனு ஸ்கூல்ல படிச்சோமே அதேதான், மாத்திரைனாலே ஒரு கண் இமைக்கற நேரம். இங்கிலீஷ்ல pat, bat-னு சொல்றப்போ முதல் எழுத்து p-யா b-யானு தெரியறதே தொண்டை அதிர ஆரம்பிக்கற அந்த மில்லிசெகண்ட் கணக்குலதான். இந்த சின்னச் சின்ன நேரம் தெளிவா பிடிபடலன்னா ஒலிய எழுத்தோட ஒட்டறது கஷ்டமாகலாம். ஆனா டிஸ்லெக்சியா இருக்கற எல்லாருக்கும் இந்தக் குறை இல்ல, நேரக்கணக்குல வீக்கா இருந்தும் நல்லா படிக்கறவங்களும் இருக்காங்க. அதனால டைம் சென்ஸ பழகினா படிப்பு சரியாகிடும்னு யாராவது கோர்ஸ் வித்தா வாங்காதீங்க.

உங்க முக்கா மணி நேரம் வேற விஷயம். நிமிஷக் கணக்குல நேரத்த உணர கவனமும் ஞாபகமும் வேணும். ரெண்டு பக்க மெயில ஒவ்வொரு வரியா திரும்பத் திரும்ப படிக்கறப்போ கவனம் மொத்தமும் அங்க போயிடுது, அப்புறம் நேரத்த யார் எண்ணறது? அதோட "பத்து நிமிஷம்"ங்கற கணக்கே பக்கத்து சீட்காரர் படிக்கற ஸ்பீடு தம்பி, உங்களோடது இல்ல. பாதி லேட் அங்கயே ஆரம்பிச்சிடுதுனு நான் நினைக்கறேன். ஒரு வாரம் மெயில் படிக்கற நேரத்த போன்ல டைமர் வெச்சு அளந்து பாருங்க, வர்றதுதான் உங்க நிஜமான கணக்கு, இனிமே பிளான் அதுலதான்.

இன்னொண்ணு. லண்டன்ல ஜேம்ஸ் ஸ்மித்-ஸ்பார்க் டிஸ்லெக்சியா உள்ள பெரியவங்கள வெச்சே பண்ணின ஆராய்ச்சில, இத்தன மணிக்கு இத செய்யணும்ங்கற மாதிரி வேலைய அவங்க அதிகம் தவறவிடறது தெரிஞ்சது. அதனால மணிய நம்பாம வேலைய ஒரு நிகழ்ச்சியோட கட்டுங்க: "அஞ்சு மணிக்கு போன் பண்ணணும்"னு இல்ல, "டீ குடிச்சு கப்ப வெச்சதும் போன்". கிளம்பற நேரத்துக்கு அலாரம் ரெண்டு, ஒண்ணு லேப்டாப் மூட, ஒண்ணு செருப்பு மாட்ட. சில்க் போர்டு டிராஃபிக்க மனசால கணக்கு போட யாராலயும் முடியாது, மேப்ஸ் பாருங்க. பெரிய மெயில மொபைல வெச்சு வாசிக்கச் சொல்லி கேளுங்க, அதுல வெட்கம் எதுக்கு.

ஏடிஎச்டி, அதாவது கவனம் ஒரு இடத்துல நிக்காத பிரச்சனை, இருந்தாலும் நேரம் இப்படி நழுவும், அது டிஸ்லெக்சியாவோட சேர்ந்து வர்றதும் சகஜம். அதயும் செக் பண்ணாங்களானு டாக்டர்கிட்ட கேளுங்க.

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு 27 வயசு, அவனுக்கும் டிஸ்லெக்சியா. ஆபீஸ்ல எக்ஸ்ட்ரா டைம் கேக்க சட்டத்துல இடம் இருக்கா?
(வாசகி, சிவாஜிநகர்)

பதில்: இருக்கும்மா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல சொல்ற 21 வகை குறைபாட்டுல குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒண்ணு, டிஸ்லெக்சியா அதுலதான் வருது. பிரைவேட் கம்பெனியும் சம வாய்ப்பு கொள்கை வெச்சிருக்கணும், எச்ஆர்கிட்ட அத எழுதி கேக்கலாம். அரசு வேலை ஒதுக்கீட்டுக்குதான் குறைஞ்சது 40 சதவீத குறைபாடுனு சர்டிபிகேட் வேணும். நம்ம பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில உருவான டெஸ்ட சர்டிபிகேட்டுக்கு பரவலா பயன்படுத்தறாங்க, ஆனா அது பசங்களுக்காக பண்ணது. அதனால பெரியவங்க போறப்போ பழைய ரிப்போர்ட் கார்டு, பரீட்சை பேப்பர், டீச்சர் எழுதின குறிப்பு எது கெடச்சாலும் எடுத்துட்டு போங்க, சின்ன வயசுலேர்ந்தே இருந்ததுனு காட்ட அதுதான் கை கொடுக்கும்.

கேள்வி: டிஸ்லெக்சியா இருக்கறவங்க கலர் கண்ணாடி போட்டா படிக்கறது வேகமாகுமா?
(வாசகர், ஜெயநகர்)

பதில்: அதுக்கு ஆதாரம் இல்ல, அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் 2009லயே சேர்ந்து சொல்லிட்டாங்க. அந்தக் காச, படிக்க கஷ்டப்படறவங்களுக்கு தனியா சொல்லித் தர்ற நல்ல ரெமெடியல் டீச்சருக்கு குடுங்க.