புவெனஸ் அயர்ஸில் இரண்டு நாள்

கேள்வி: அலுவலக வேலையாக அர்ஜென்டினா போகிறேன். வேலை முடிந்ததும் வியாழன், வெள்ளி இரண்டு நாள் புவெனஸ் அயர்ஸில் சும்மா இருப்பேன். எதைப் பார்க்கலாம்? கல்லறைத் தோட்டத்துக்குப் போ என்கிறார்களே, அங்கே போய் என்ன பார்ப்பது?
- ஒரு வாசகர், கோவை

பதில்: வியாழன் மாட்டியது நல்லதாகப் போயிற்று. மதியம் மூன்றரைக்கு பிளாசா தே மாயோ சதுக்கத்தில் இருங்கள். 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள், தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு 1977-ல் தொடங்கிய நடை இன்னும் வாராவாரம் நடக்கிறது. எதிரிலேயே இளஞ்சிவப்பு நிற அதிபர் மாளிகை. அங்கிருந்து திரும்ப ஏ வழி மெட்ரோவில் ஏறுங்கள், 1913-ல் ஓட ஆரம்பித்தது, லத்தீன் அமெரிக்காவிலேயே முதல் சுரங்க ரயில்.

வெள்ளிக்கிழமை காலை ரெக்கோலெட்டா கல்லறை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். 1822-ல் திறந்த இடம், குட்டிக் குட்டி மாளிகைகளாகத் தெருத்தெருவாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் தேடுவது அதிபராக இருந்த ஹுவான் பெரோனின் மனைவி ஏவா பெரோனைத்தான், ஆனால் பெரோன் என்று தேடினால் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள், அவர் இருப்பது பிறந்த வீட்டார் துவார்த்தே குடும்பக் கல்லறையில். அவர் 1952-ல் 33 வயதில் இறந்தார். 1955-ல் கணவரின் ஆட்சியைக் கவிழ்த்த ராணுவம், பதப்படுத்தி வைத்திருந்த உடலை எடுத்துக்கொண்டு போய் இத்தாலியின் மிலான் நகரில் வேறு பெயரில் புதைத்துவிட்டது! 1971-ல் மாட்ரிட்டில் இருந்த கணவரிடம் கொடுத்தார்கள், அப்புறம் ஊர் திரும்பி 1976-ல்தான் இங்கே வந்து சேர்ந்தது.

அங்கிருந்து நடந்தே எல் அத்தேனியோ புத்தகக் கடைக்குப் போய்விடலாம். 1919-ல் திறந்த நாடக அரங்கம் அது, மேடையில் இப்போது காபிக் கடை, பால்கனிகளில் புத்தக அலமாரி. ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கூரை ஓவியத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

67.5 மீட்டர் ஒபெலிஸ்க் தூணுக்கென்று தனியாக நேரம் ஒதுக்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் கொலோன் ஓபரா அரங்குக்குப் போகும்போது தானாகக் கண்ணில் படும். லா போக்கா பகுதியின் வண்ணத் தகர வீடுகளைப் பகலில் மட்டும் பாருங்கள், அந்த வீடுகள் இருக்கும் கமினிட்டோ தெருவைத் தாண்டிச் சந்துக்குள் நுழைய வேண்டாம். சான் டெல்மோ சந்தை வீதி ஞாயிற்றுக்கிழமைதான் களைகட்டும், உங்களுக்குக் கிடைக்காது.

கேள்வி: அங்கே இரவுச் சாப்பாடு எப்படி?
- அதே வாசகர்

பதில்: ஒன்பதுக்கு முன்னால் போனால் உணவகத்தில் நீங்களும் பரிமாறுபவரும்தான் இருப்பீர்கள். மாலையில் ஒரு எம்பனாடா (சோமாசி மாதிரி உள்ளே பூரணம் வைத்த பண்டம்) சாப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சைவம் என்றால் சோளம் வைத்ததாகக் கேளுங்கள்.