நூல் தெரிந்தால் கேஷுவல்: பேன்ட் பற்றி வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: நேர்காணலுக்கு ஃபார்மல் உடையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது அடர்நீலக் காட்டன் பேன்ட். ஃபார்மல் என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். போட்டுக்கொண்டு போகலாமா?
– வேலை தேடும் வாசகர், திருச்சி

நிறத்தையும் விலைச்சீட்டையும் மறந்துவிட்டு, பேன்ட்டைக் கட்டிலில் விரித்துப் போட்டு மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, பக்கத் தையல். இடுப்பிலிருந்து கால் வரை வெளிப்பக்கம் நூல் ஓடினால் அது கேஷுவல். ஃபார்மலில் இரண்டு துணிகளையும் உள்ளே சேர்த்துத் தைத்து, ஓரங்களை இரு பக்கமும் பிரித்து இஸ்திரியால் படிய வைப்பார்கள். வெளியே வெறும் கோடுதான் தெரியும். இரண்டாவது, கீழ்மடிப்பு. மெஷின் தையல் வளையமாகத் தெரிந்தால் கேஷுவல். ஃபார்மலில் ஹெம்மிங் செய்திருப்பார்கள், நூல் துணியின் ஓரிரு இழையை மட்டும் பிடித்திருக்கும். மூன்றாவது, பின் பாக்கெட். மேலே ஒட்டித் தைத்த சதுரமா, துணியைக் கீறி உள்ளே பை வைத்த மெல்லிய வாயா? பின்னதுதான் ஃபார்மல்.

காரணம், கேஷுவல் பேன்ட்டுகளில் பல வேலை உடுப்பிலிருந்து வந்தவை. வேலை செய்கிறவனுக்குத் தையல் பிரியக்கூடாது. ஆகவே இரட்டைத் தையல், போதாததற்கு ரிவெட் என்ற சின்ன உலோக ஆணி. பாக்கெட் முனைகளில் செப்பு ரிவெட் அடிப்பதற்கு ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் 1873 மே 20-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். சினோ எனப்படும், ட்வில் என்ற சாய்கோட்டு நெசவுக் காட்டன் பேன்ட், பட்டாளத்துக் காக்கி வழியில் வந்தது. உங்களுடையது அந்த வகையாக இருக்கலாம். சில சினோக்களில் பக்கத் தையல் சுத்தமாகவே இருக்கும். அதனால்தான் மூன்றையும் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு தேறினால், கத்தி மடிப்பு வைத்து, தோல் ஷூவும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு போங்கள். ஒன்றுதான் தேறுகிறது என்றால் நண்பரிடம் ஒரு நாளுக்கு இரவல் வாங்குவதே மேல்.

கேள்வி: ஃபார்மல் பேன்ட் தைக்க எத்தனை மீட்டர் துணி வாங்க வேண்டும்? டெய்லரிடம் என்ன சொல்வது?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

58 அங்குல அகலத் துணியானால் 1.20 முதல் 1.30 மீட்டர். இந்த அகலத்தில் இரண்டு முன்பாகமும் இரண்டு பின்பாகமும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கிவிடும்; மிச்சத்தில் இடுப்புப் பட்டி. சீட் அளவு, அதாவது பின்பக்கம் பருத்த இடத்தின் சுற்றளவு, 44 அங்குலத்தைத் தாண்டினால் அப்படி அடங்காது, ஒன்றரை மீட்டராக வாங்குங்கள். 36 அங்குல அகலமென்றால் இரண்டேகால் மீட்டருக்குக் குறையாது.

காட்டன் துணியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே 40 அங்குல நீளத்தில் 1.2 அங்குலம் போய்விடும். ‘தச்ச அன்னைக்கு நல்லா இருந்துச்சு, ஒரு துவைப்புல கணுக்காலுக்கு மேல ஏறிடுச்சு’ என்று டெய்லரோடு நடக்கும் சண்டைகளில் பாதி இதனால்தான். பாலி விஸ்கோஸ் துணியில் இந்தத் தொல்லை குறைவு.

நீள அளவை, ஆபீசுக்குப் போடும் ஷூவோடு நின்று கொடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அளவு கொடுத்தால் குதிகாலின் உயரம் கணக்கில் வராது. முன்பக்கம் ஷூவைத் தொட்டு லேசாக மடிய வேண்டும். கேஷுவலில் கணுக்கால் தெரிந்தாலும் குற்றமில்லை.

கேள்வி: இடுப்பு கூடிவிட்டது. ஃபார்மல் பேன்ட்டைப் பிரித்துக் கொடுத்த டெய்லர், ஜீன்ஸைப் பார்த்ததும் முடியாது என்கிறார். சோம்பலா?
– வங்கி ஊழியர், கரூர்

இல்லை, அவர் சொல்வது சரி. ஃபார்மல் பேன்ட்டில் இடுப்புப் பட்டியை இரண்டு பாதியாக வைத்து, பின் நடுத்தையலை பட்டியோடு சேர்த்துக் கடைசியில்தான் அடிப்பார்கள். அந்தத் தையலின் உள்ளே இரு பக்கமும் துணி விட்டிருக்கும். ஒரே தையலைப் பிரித்தால் ஒன்றரை, இரண்டு அங்குலம் கிடைக்கும். உள்ளே திருப்பிப் பாருங்கள், எவ்வளவு விட்டிருக்கிறார் என்பது தெரியும். ரெடிமேடில் சிலர் அரை அங்குலம்கூட விடுவதில்லை. ஜீன்ஸில் பட்டி ஒரே நீளத் துண்டு. பின் தையலும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டை ஊசியில் அடித்தது. பிரித்தாலும் விரிக்க உள்ளே துணி கிடையாது. தவிர, மறைந்திருந்த பகுதி வெளுக்காமல் கருநீலமாகவே நிற்கும்.

கேள்வி: கறுப்பு பேன்ட் தொடையிலும் பின்பக்கமும் பளபளக்கிறது. என்ன செய்யலாம்?
– மருந்து விற்பனைப் பிரதிநிதி, மதுரை

அது சூட்டின் வேலை, கூடவே பைக் சீட்டின் வேலை. பாலியெஸ்டர் கலந்த துணியில் இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்து அழுத்தினால் இழைகள் இளகித் தட்டையாகிவிடும். தட்டையான பரப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதான் அந்தப் பளபளப்பு. அப்படி ஆனது பழையபடி திரும்பாது. இனி வாங்குவதையாவது உள்பக்கம் திருப்பித் தேயுங்கள். வெளிப்பக்கம் மடிப்பு வைக்கும்போது நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை மேலே போட்டுக்கொள்ளுங்கள். லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் இரண்டு புள்ளி இருந்தால் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடாது. மூன்று புள்ளி என்றால் 200 வரை. காட்டனுக்கு அது சரி.

மடிப்பு கோணலாக விழுகிறதென்றால், காலின் உள் தையலையும் வெளித் தையலையும் கீழ்முனையில் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டு, அப்படியே மேசையில் கிடத்துங்கள். மடிப்பு தானே தன் இடத்தில் வந்து நிற்கும்.

கேள்வி: முன்பக்கம் இடுப்புப் பட்டிக்குக் கீழே பிளீட் (துணியைக் கொசுவித் தைப்பது) வைத்தால் வயதான தோற்றம் வருமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

தொடை பருத்தவர்கள், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் பக்கத்துக்கு ஒரு பிளீட் வைத்துக்கொள்ளலாம். உட்காரும்போது அது விரிந்து இடம் கொடுக்கும். ஒல்லி என்றால் வேண்டாம், துணி காற்றடைத்ததுபோல நிற்கும். நின்றபடியே பிளீட் வாய் திறந்திருந்தால் அது வயதால் அல்ல, சீட் அளவு போதாததால்.