மென்டர் கோச் இருந்தாரே, சூப்பர்வைசர் வேறு எதற்கு?

கேள்வி: ஐ.டி. மேலாளர்களுக்கு கோச்சிங் செய்கிறேன். ஐ.சி.எஃப். என்ற சர்வதேச கோச்சிங் அமைப்பின் தொடக்கநிலைச் சான்றிதழான ஏ.சி.சி.க்காக மென்டர் கோச்சிங் எல்லாம் முடித்துவிட்டேன். இப்போது ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் ஹெச்.ஆர்., "உங்கள் சூப்பர்வைசர் யார்?" என்று கேட்கிறார். இரண்டும் ஒன்றுதானே, மறுபடியும் ஏன் செலவு?

ஒன்றில்லை. சூப்பர்வைசர் என்றால் இங்கே ஆபீஸ் மேலதிகாரி இல்லை, உங்கள் கோச்சிங் வேலையில் எழும் சிக்கல்களை உங்களோடு உட்கார்ந்து அலசுகிறவர். ஏ.சி.சி.க்காக மூன்று மாதத்துக்குக் குறையாமல் பரவலாக எடுத்தீர்களே, அந்த 10 மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் ரெக்கார்டிங்கைக் கேட்டுவிட்டு, "இந்த இடத்தில் கேள்வி கேட்காமல் யோசனை சொல்லிவிட்டீர்கள், இன்றைக்கு எதைப் பேசப்போகிறோம் என்பதே முடிவாகவில்லை" என்று மென்டர் கோச் காட்டியிருப்பார். ஐ.சி.எஃப்.பின் திறன் பட்டியலை வைத்துக்கொண்டு உங்கள் கைத்திறனைத் திருத்துகிற வேலை அது. நல்ல வேலைதான். ஆனால் கைத்திறன் தேறிய பிறகு வருகிற சிக்கல்கள் வேறு மாதிரி.

உதாரணத்துக்கு, டைரக்டர் பதவிக்குத் தயார்படுத்தச் சொல்லி கம்பெனி ஒருவரை உங்களிடம் அனுப்புகிறது, பணமும் கம்பெனிதான் கட்டுகிறது. மூன்றாவது செஷனில் அவர், "வேறு இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது, இவங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்கிறார். மறுநாள் ஹெச்.ஆர். வாட்ஸ்அப்பில், "ஆள் எப்படிப் போறார்?" என்று கேட்க, நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு அன்று இரவு தூங்காமல் புரள்கிறீர்கள்.

இதை எடுத்துக்கொண்டு போனால் சூப்பர்வைசர் தீர்ப்பெல்லாம் சொல்ல மாட்டார். ரகசியம் பற்றி நீங்கள், கிளையன்ட், கம்பெனி மூவரும் போட்ட முத்தரப்பு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் கேட்பார். அப்புறம், அந்தக் கட்டைவிரலை எதற்காக அனுப்பினீர்கள்? இந்தக் கம்பெனியின் அடுத்த ஆர்டர் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? கடைசிக் கேள்விதான் சுடும், அதற்குத்தான் காசே. பீட்டர் ஹாக்கின்ஸும் ராபின் ஷோஹெட்டும் பரப்பிய 'ஏழு கண்' முறையில் கிளையன்ட், உங்கள் உத்திகள், உங்கள் இருவரின் உறவு, நீங்கள், சுற்றியுள்ள நிறுவனம் என்று பார்த்துக்கொண்டே போய், உங்களுக்கும் சூப்பர்வைசருக்கும் நடுவே இந்த நிமிடம் நடப்பதையும், அவர் மனதில் எழுவதையும்கூட மேஜைமேல் வைப்பார்கள். நீங்கள் மூச்சுவிடாமல் கதையைக் கொட்ட, அவரும் பரபரவென்று வழி சொல்ல ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி, "நாம ரெண்டு பேரும் ஏன் இப்படி அவசரப்படறோம்?" என்பார். பார்த்தால் அது உங்கள் கிளையன்ட்டின் அவசரமாக இருக்கும். ரெக்கார்டிங்கை மட்டும் வைத்து இதைப் பிடிப்பது கஷ்டம்.

சரி, எவ்வளவு எடுக்கணும்? ஐரோப்பாவில் வேரூன்றிய இ.எம்.சி.சி. என்ற கோச்சிங் அமைப்பின் கணக்கு, 35 மணி நேரக் கோச்சிங்குக்கு 1 மணி நேரம், காலாண்டுக்கு ஒன்றாவது. உங்கள் ஹெச்.ஆர். கேட்பதும் அந்தப் பழக்கத்தில்தான். ஐ.சி.எஃப். கட்டாயமாக்கவில்லை, ஆனால் சான்றிதழை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தேவையான 40 தொடர்கல்வி யூனிட்டில் 10 மணி நேரம் வரை சூப்பர்விஷனைக் காட்டலாம், அதனால் காசு வீண் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: ஏ.சி.சி.யாகவே புதுப்பிப்பவர்களுக்கு மறுபடியும் 10 மணி நேர மென்டர் கோச்சிங் உண்டு, அந்த இடத்தை சூப்பர்விஷன் நிரப்பாது.

சூப்பர்வைசரைத் தேர்ந்தெடுக்கும்போது ஐ.சி.எஃப்.பின் உச்சச் சான்றிதழான எம்.சி.சி. பட்டத்தைப் பார்த்து மயங்காதீர்கள், சூப்பர்விஷனுக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். உங்களுக்கு வேலை பிடித்துத் தருகிறவரோ, அதே கம்பெனியில் கோச்சிங் செய்கிறவரோ வேண்டவே வேண்டாம், அவரிடம் உண்மை வாய்வரை வந்து நின்றுவிடும். தனியாக எடுப்பது கட்டுப்படியாகவில்லை என்றால் நாலைந்து கோச்சுகள் சேர்ந்து குழுவாக எடுக்கலாம், செலவு நன்றாகவே குறையும். சூப்பர்வைசர் இல்லாமல் நண்பர்களாகக் கூடிப் பேசுவதும் நல்லதுதான், ஆனால் அங்கே ஆறுதல்தான் அதிகம் கிடைக்கும்.

இன்னொன்று, இனி போடும் ஒப்பந்தங்களில், பெயரும் நிறுவனமும் சொல்லாமல் உங்கள் வேலையை சூப்பர்வைசரிடம் பேசுவீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பழைய கிளையன்ட்டுகளுக்கு அடுத்த செஷன் தொடக்கத்தில் வாயால் சொல்லிச் சம்மதம் வாங்கி, அதை ஒரு மெயிலிலும் போட்டு வையுங்கள்.