முள் சிவப்பில், ஹீட்டரில் குளிர்காற்று!

கேள்வி: என் கார் இருபது வருடப் பழசு. வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது, ஆனால் கொஞ்ச தூரம் போவதற்குள் வெப்பநிலை முள் சிவப்புக்கு ஏறிவிடுகிறது. ஹீட்டரைப் போட்டாலோ குளிர்ந்த காற்றுதான் வருகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அந்த நிலையில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள்.

முள் ஏறுவதும் ஹீட்டர் குளிர்வதும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இல்லை. இன்ஜினின் சூட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டிய கூலன்ட் ஓடவில்லை, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு; அது மூடியபடியே மாட்டிக்கொண்டாலும் முள் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான கார்களில் ஹீட்டருக்குப் போகும் குழாய் தெர்மோஸ்டாட்டைத் தாண்டாமலேயே பிரிந்துவிடும் என்பதால், அப்போது ஹீட்டரில் சூடான காற்று வரும். உங்களுக்கு வரவில்லை. அதனால் எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில்: ஒன்று கூலன்ட் குறைந்து உள்ளே காற்று அடைத்திருக்கிறது, இல்லையென்றால் அது உறைய ஆரம்பித்திருக்கிறது.

கோடையில் அளவு குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பினீர்களா? பழைய கார்களில் பலரும் செய்வதுதான். எத்திலீன் கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவமும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சுமார் மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணீர் சேரச் சேர அந்தத் தாக்குப்பிடிப்பு குறைந்துகொண்டே வரும். கிளைக்கால் கால் பங்காக இறங்கிவிட்டால் மைனஸ் 12 டிகிரியிலேயே ஐஸ் துணுக்குகள் உருவாகத் தொடங்கும். குளிர்காற்று நேராக மோதுவது ரேடியேட்டரில் என்பதால் அதன் மெல்லிய குழாய்கள்தான் முதலில் அடைக்கும். இந்தப் பக்கம் இன்ஜின் கொதிக்கும், அந்தப் பக்கம் ரேடியேட்டர் தொட்டால் ஜில்லென்று இருக்கும். மதியம் வெயில் ஏறியதும் எல்லாம் தானாகச் சரியானதுபோல் தெரிந்தால், காரணம் அநேகமாக இதுதான்.

இன்ஜின் முழுக்க ஆறியபிறகு (சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும், விளையாட்டில்லை) ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவில் அளவு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மூடியில் இருக்கும் சின்ன வால்வு கெட்டுப்போனால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாகக் கிடக்கும். உள்ளே மங்கலாக, குச்சியால் தொட்டால் நறநறவென்று இருந்தால் ஐஸ்தான். அப்படியானால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். வாட்டர் பம்ப் உறைந்திருந்தால் பெல்ட் கிறீச்சிடும், அறுந்தும் போகலாம். கொதிநீர் ஊற்றும் யோசனையும் வேண்டாம். மூடிய, கொஞ்சம் கதகதப்பான இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மெதுவாக உருக விடுங்கள். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும். உருகியபிறகு கீழே ஒழுகுகிறதா, இன்ஜின் பக்கவாட்டில் வட்டத் தகடுகள் ஏதாவது பிதுங்கி நிற்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

அப்புறம் பழையதை முழுக்க வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதியாக நிரப்புங்கள். தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்காதீர்கள், கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும்! வடித்ததைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது கொடிய விஷம். நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். மறுநாள் காலை அளவு இறங்கியிருந்தால் மறுபடி நிரப்புங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் முள் ஏறினால், அப்போது தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாத்திரத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். அதன்மேல் 82, 88 என்று ஏதாவது எண் பொறித்திருக்கும்; அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. எவ்வளவு ஓட்டினாலும் முள் எழுவதே இல்லை, ஹீட்டரும் வெதுவெதுப்புத்தான். ரேடியேட்டருக்கு முன் அட்டை வைக்கலாமா?

பதில்: உங்களுக்குத்தான் தெர்மோஸ்டாட் மாற்ற வேண்டும். ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். முதல் சில நிமிடங்கள் அது குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். அட்டையை அவசரத்துக்குப் பாதி மறைக்கிற மாதிரி வைக்கலாம், அதோடு சரி.

கேள்வி: ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய்போல ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதா?

பதில்: ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் அடைக்கும் தகடு; அது போனால்தான் இப்படி ஆகும் என்றில்லை. குளிர்காலத்தில் பக்கத்துத் தெரு வரை மட்டும் ஓட்டினால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது, உள்ளே ஈரம் படிந்து அப்படி ஆகும். ஒருநாள் நீளமாக ஓட்டிப் பாருங்கள். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்து, கூலன்ட்டும் ஒழுகாமலே குறைந்து, இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை வந்தால் மட்டும் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.