கேள்வி - பதில்: கிலோ மாறினால் நெல் மூடை குறையுமா?

கேள்வி: 2019இல் கிலோகிராமையே மாற்றிவிட்டார்கள் என்கிறான் உயர்தரம் படிக்கும் மகன். எங்கள் தராசில் 65 கிலோ காட்டும் நெல் மூடை, வாங்க வருபவரின் தராசில் 64.8 தான் காட்டுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
- விவசாயி, பரந்தன்

பதில்: இல்லை. 1889 முதல் பாரிசுக்கு அருகே செவ்ரில் இருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் கிலோகிராமாக இருந்தது. நூறு ஆண்டு கழித்துப் பிரதிகளோடு ஒப்பிட்டபோது சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் தெரிந்தது. உருளை தேய்ந்ததா, பிரதிகள் ஊதினவா என்று சொல்ல வழியில்லை. உருளை எப்படி இருந்தாலும் அதுவே ஒரு கிலோ என்பதல்லவா சட்டம்! அதனால் 2018 நவம்பரில் வெர்சாயில் கூடிய நாடுகள், இயற்கையின் மாறாத எண்களில் ஒன்றான பிளாங்கின் மாறிலியை 6.62607015×10⁻³⁴ யூல் செக்கன் என்று நிலைநிறுத்தி, கிலோகிராமை அதிலிருந்து வரையறுத்தன. 2019 மே 20 முதல் அது நடைமுறை. அந்த 50 மைக்ரோகிராமையே கணக்கில் எடுத்தாலும் உங்கள் மூடையில் வருவது சுமார் 3 மில்லிகிராம். ஒரு நெல்மணியில் எட்டிலொரு பங்கு!

உங்கள் 200 கிராம் வேறு வழியில் போகிறது. இலத்திரனியல் தராசு அளப்பது திணிவை அல்ல, பூமி இழுக்கும் விசையை. அந்த இழுவையின் அளவான புவியீர்ப்பு ஆர்முடுகல் பாரிசில் செக்கன் வர்க்கத்துக்கு 9.809 மீற்றர், வன்னியில் ஏறத்தாழ 9.782. அங்கே செப்பஞ்செய்த (படிக்கல் வைத்து எண்ணைச் சரிசெய்த) தராசை இங்கே அப்படியே வைத்தால் 65 கிலோவுக்கு 180 கிராம் குறைத்துக் காட்டும். இரு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரு பக்கமும் ஒரே இழுவைதான்.

யாருடைய தராசு பிழை என்று முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டாம், உங்களுடையது கூட்டிக் காட்டவும் கூடும். இரண்டையும் சீமெந்துத் தரையில் வைத்து, மட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மின் கொடுத்துக் கால் மணி நேரம் விட்டு, பூச்சியமாக்கி, முத்திரையிட்ட 20 கிலோ படிக்கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வையுங்கள். எங்கும் ஒரே எண் வரவேண்டும். மூலைக்கு மூலை மாறினால் பாரத்தை உணரும் உணரியிலோ தராசின் சட்டகத்திலோ கோளாறு. எல்லா இடத்திலும் 19.94 என்றால் செப்பஞ்செய்ததில்தான் பிழை. தட்டுக்கு அடியில் பதரும் உமியும் இறுகியிருந்தாலோ, மூடை தூணில் சாய்ந்திருந்தாலோ பாரத்தின் ஒரு பகுதி உணரிக்குப் போகாது, எண் குறையும். களத்து மண்ணில் ஒரு கால் புதைந்தாலும் அதே கதி. வியாபாரத் தராசில் அந்த ஆண்டின் முத்திரை உண்டா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இன்னொன்று: 18 வீத ஈரத்தில் நிறுத்த 65 கிலோ நெல், 14 வீதத்துக்குக் காய்ந்தால் 62 கிலோதான். தராசுச் சண்டைக்கு முன், இரண்டு தடவையும் ஒரே நாளில்தான் நிறுத்தீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: நகைக்கடைத் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது ஏன்?
- மாணவி, வவுனியா

பதில்: மில்லிகிராம் காட்டும் தராசுக்கு மின்விசிறிக் காற்றே பாரம். பெட்டியை மூடி, எண் ஆடாமல் நின்றபின் வாசிக்க வேண்டும்.